லோரியானும் ஸ்காலோவேயும்: போர்க்காலத்தில் படகு செப்பனிட்ட இரு துறைகள்

கலம் செலுத்தியவனைப் போற்றும் பாட்டும் கதையும் கடல் சூழ்ந்த நாடுகளில் எல்லாம் உண்டு. அக்கலத்தைக் கரையில் ஏற்றி, அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, இற்றுப்போன ஆணியை மாற்றி, இடுக்குகளில் நார் செருகிக் கலப்பத்துப் பார்த்தவனைப் போற்றும் பாட்டு அரிது. போர் வரலாற்றிலும் இதுவே நிலை. களம் நினைவில் நிற்கிறது, பட்டறை மறைந்துவிடுகிறது. போர்க்களத்தில் தூண் எழுப்பி மலர் தூவுகிறோம். சென்றவர் திரும்பி வரவும், வந்தவர் மீண்டும் செல்லவும் வழி செய்த செப்பனிடும் துறையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆயினும், கடற்போரின் போக்கைத் தீர்மானிப்பதில் அத்துறைக்குப் பெரும் பங்குண்டு. எத்துணை வலிய கலமாயினும் கடலிலிருந்து திரும்பியபின் வாரக்கணக்கில் கரையில் கிடந்தாக வேண்டும். ஒரு கடற்படையிடம் ஐம்பது கலங்கள் உள்ளன என்றால், அவற்றுள் எத்தனை கடலில் உள்ளன என்பதைப் பட்டறையின் திறமையே முடிவு செய்யும். இரண்டாம் உலகப் போரின்போது இவ்வகையில் இயங்கிய பல துறைகளுள் இரண்டை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று, பிரான்சை அடிமைப்படுத்திய ஜெர்மானியர் கட்டிய மலை போன்ற கான்கிரீட் கோட்டை. மற்றொன்று, நாடிழந்து வந்த நார்வே மீனவருக்காக ஒரு சிற்றூரில் அமைந்த எளிய சாய்தளம். இரண்டும் இன்றும் நிற்கின்றன. நிற்பதன் காரணம் மட்டும் வேறு வேறு.

கீழ்த்திசையின் பெயர் பூண்ட ஊர்

பிரான்சின் மேற்குக் கரையில், பிரிட்டானி மாநிலத்தில் அமைந்தது லோரியான் நகரம். 'கீழ்த்திசை' என்பது அப்பெயரின் பொருள். 1664இல் தோன்றிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1666இல் இவ்விடத்தில் கப்பல் கட்டும் தளம் அமைத்தது. அங்கு உருவான 'கீழ்த்திசைக் கதிரவன்' எனும் பெருங்கலத்தின் பெயரே சுருங்கி ஊரின் பெயராயிற்று என்பர். 1734 முதல் கம்பெனி தன் சரக்குகளை ஏலம் விட்டதும் இவ்வூரில்தான். புதுச்சேரியில் ஏற்றப்பட்ட சோழமண்டலத் துணி கரை இறங்கியதும் இங்கேதான். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் சீமையிலிருந்து வரும் கப்பலை எதிர்நோக்கிக் காத்திருந்த நாட்களைப் படித்திருப்போர், அக்கம்பெனிக் கப்பல்களின் மறுகரை இந்த லோரியான் என்பதை நினைவிற் கொள்ளலாம். நம்மவர் நெய்த துணியால் வளர்ந்த ஊர் என்று சொன்னால் அதில் மிகை பெரிதில்லை.

கம்பெனி மறைந்தபின் அரசின் கடற்படைத் தளம் அங்கு நிலைத்தது. 1920களில் ஊரை ஒட்டிய கெரோமான் முனையில் பெரிய மீன்பிடித் துறைமுகம் எழுந்தது. மீன்பிடிக் கலங்களைக் கரையேற்றிப் பழுது பார்க்க அங்கே ஒரு சாய்தளமும் இருந்தது. மேலே ஏறிய கலத்தைச் சுழல்மேடை ஒன்று திருப்பி, விசிறி மடிப்புப் போல் விரிந்த தண்டவாளங்களுள் ஒன்றில் கொண்டு நிறுத்தும். மீனவருக்காக அமைந்த இந்த ஏற்பாட்டின் மீதுதான் போர் வந்து அமர்ந்தது.

கெரோமான்

1940 ஜூன் 21 அன்று ஜெர்மானியப் படை லோரியானுள் நுழைந்தது. ஜூலை 7 அன்று யூ-30 எனும் நீர்மூழ்கி துறைக்குள் வந்து சேர்ந்தது. இடைவெளி இரண்டு வாரமே. நீர்மூழ்கிப் படைக்குத் தலைவராக இருந்த டோனிட்ஸ், துறைமுகத்தின் வாயிலைப் பார்த்தவாறு அமைந்த ஒரு மாளிகையில் தம் தலைமையகத்தை அமைத்துக்கொண்டார். ஜெர்மனியிலிருந்து புறப்பட்டு ஸ்காட்லாந்தின் வடக்கே சுற்றி வர வேண்டியிருந்த கலங்களுக்கு, அட்லாண்டிக் பெருங்கடல் இப்போது வாசற்படியிலேயே கிடைத்தது. (கடற்படை வழக்கில் நீர்மூழ்கியை எவ்வளவு பெரிதாயினும் 'படகு' என்றே சொல்வர். இக்கட்டுரையின் தலைப்பில் அச்சொல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.)

படகுகள் வந்தன, செப்பனிட இடம் வேண்டும். முதலில் மீனவரின் சாய்தளத்தையே பயன்படுத்தினர். சிறு நீர்மூழ்கிகளை அதில் ஏற்றி, வானிலிருந்து வரும் குண்டுக்கு அஞ்சி, உயர்ந்து கூம்பிய இரு கான்கிரீட் கூடங்களை அங்கே எழுப்பினர். அவற்றின் தோற்றம் கண்டு 'பேராலயம்' எனப் பொருள்படும் சொல்லால் அவற்றை அழைத்தனர். வழிபாட்டின் சொல் வெடிகுண்டுக் காப்பறைக்கு வந்து சேர்ந்த விந்தையை என்னென்பது!

பெரிய படகுகளுக்கு அது போதவில்லை. 1941 தொடக்கத்தில் வேலை தொடங்கி, அவ்வாண்டு முடிவதற்குள் முதலிரு காப்பகங்களும், 1943 தொடக்கத்தில் மூன்றாவதும் நிறைவுற்றன. ஆயிரக்கணக்கான தொழிலாளர் இரவு பகலாக உழைத்தனர். கூலிக்கு வந்தவரும் உண்டு. வேறு நாடுகளிலிருந்து வலிந்து கொணரப்பட்டவரும் உண்டு.

இக்காப்பகங்கள் இயங்கிய முறை அறிந்துகொள்ளத்தக்கது. திரும்பி வந்த படகு, நீருள் அமிழ்ந்திருக்கும் ஒரு பெருந்தொட்டிலின் மேல் மிதந்து வந்து நிற்கும். தொட்டிலோடு சேர்த்து அதனைக் கூரையிட்ட சாய்தளத்தின் வழியே மேலே இழுப்பர். மேலே வந்தபின், இரு காப்பகங்களுக்கும் இடைப்பட்ட வெளியில் தண்டவாளத்தின் மீது பக்கவாட்டில் நகரும் மேடை ஒன்று அதனை ஏற்றுக்கொள்ளும். முதற் காப்பகத்தில் ஐந்து அறைகள், இரண்டாவதில் ஏழு. எந்த அறை காலியோ அதன் எதிரே மேடை நிற்க, படகை உள்ளே தள்ளிக் கதவை மூடுவர். கடலை விட்டு நீங்கி, உலர்ந்த தரையில், கூரையின் கீழ், படகின் அடிவயிறு முழுவதும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் எட்டும்படி நிற்கும். மூன்றாவது காப்பகத்தின் அமைப்பு வேறு. அங்குப் படகு நீரில் மிதந்தபடியே அறைக்குள் நுழையும். சில அறைகளில் நீரை இறைத்துவிட்டு வேலை செய்யலாம். அதன் கூரையின் கனம் ஏழு மீட்டருக்கும் மேல். நம் ஊரில் இரண்டு மாடி வீட்டின் உயரம், அவ்வளவும் கான்கிரீட்.

எரிந்த ஊர், எரியாத கூரை

நேச நாடுகளின் விமானங்கள் இக்கூரையைப் பிளக்க இயலாது எனத் தெளிந்தபோது எடுத்த முடிவு கொடியது. காப்பகத்தை அழிக்க முடியாவிட்டால், அதற்கு உணவும் ஆளும் மின்சாரமும் தரும் நகரத்தை அழிப்பது என்பதே அது. 1943 ஜனவரி நடுப்பகுதியில் தொடங்கிப் பிப்ரவரி நடுப்பகுதி வரை லோரியானின் மீது தீக்குண்டுகள் பொழிந்தன. ஊரின் பத்தில் ஒன்பது பங்கு வீடுகள் அழிந்தன. மக்கள் ஊரைத் துறந்து வெளியேறினர். கம்பெனிக் காலத்து மாளிகைகளும் தெருக்களும் சாம்பலாயின. கெரோமான் காப்பகங்களில் வேலை நிற்கவில்லை. 1944 ஆகஸ்டில் ஐந்து டன்னுக்கும் மிகுந்த எடையுள்ள 'டால்பாய்' குண்டு வந்து விழுந்தபோதும் கூரை துளைபடவில்லை.

அதே ஆகஸ்டில் அமெரிக்கப் படை ஊரைச் சூழ்ந்தது. ஜெர்மானியக் காவற்படை முற்றுகைக்குள் ஒன்பது மாதம் கிடந்தது. ஐரோப்பாவில் போர் ஓய்ந்தது 1945 மே 8இல். லோரியான் காவற்படை முறைப்படி சரணடைந்தது மே 10இல். வெளியேறிய மக்கள் திரும்பி வந்தபோது அவர்கள் கண்ட காட்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். சொந்த வீட்டின் இடத்தில் செங்கற் குவியல். பகைவன் கட்டிய கோட்டையோ கட்டியபடியே முழுமையாக நிற்கிறது. இதனைப் பாரம்பரியச் சின்னம் என்று காக்க வேண்டும் என எவரேனும் அன்று அவர்களிடம் சொல்லியிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்?

பட்டறைக்குள் ஒருவர்

கெரோமானின் கதையில் எல்லோரும் நின்று தலை தாழ்த்த வேண்டிய பெயர் ஒன்று உண்டு: ஜாக் ஸ்டோஸ்கோஃப். அல்சாஸ் வழிவந்த குடும்பத்தில் 1898இல் பிறந்தவர். பிரெஞ்சுக் கடற்படையின் பொறியாளர். ஜெர்மன் மொழியைத் தாய்மொழி போல் பேசுபவர். ஜெர்மானியர் வந்தபின்னும் லோரியான் கப்பல் தளத்தில் தம் பதவியில் நீடித்தார். வந்தவர்களோடு இனிமையாகப் பழகினார். காப்பகங்களின் வாயில்கள் அவருக்குத் திறந்தன. உடன் பணியாற்றிய பிரெஞ்சுத் தொழிலாளர் அவரை நாட்டுக்குத் துரோகம் செய்தவர் என்றே கருதினர். பகைவனின் கைக்கூலி என வெறுத்தனர்.

எந்தப் படகு எந்நாள் வந்தது, என்ன பழுது, எந்நாள் புறப்படும் என்பவற்றை எல்லாம் கண்ணால் கண்டு நினைவில் பதித்து, இரகசிய வழியில் நேச நாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் அவரே. பழுதுபார்க்கும் இடம் எத்தகைய செய்திக் களஞ்சியம் என்பதை அவர் அறிந்திருந்தார். போர்க்களத்தில் நிற்பவன் எதிரே வரும் படகை மட்டும் காண்பான். பட்டறையில் நிற்பவனோ படை முழுவதன் நாடியையும் பிடித்துப் பார்க்கலாம். 1944 பிப்ரவரியில் அவர் பிடிபட்டார். அவ்வாண்டு செப்டம்பர் தொடக்கத்தில் நாட்ஸ்வைலர் சிறைமுகாமில் கொல்லப்பட்டார். அவர் யார் என்பது லோரியான் மக்களுக்குத் தெரிய வந்தது போர் முடிந்த பின்னர்தான். தம்மை வெறுத்தவர்களிடம் ஒரு சொல் சொல்லித் தம் பெயரைக் காத்துக்கொள்ள அவருக்கு வாய்ப்பே கிட்டவில்லை. 1946இல் பிரெஞ்சுக் கடற்படை, அக்காப்பகங்களுக்கு அவர் பெயரையே சூட்டியது.

நேதாஜியைச் சுமந்த கலம்

இந்தியராகிய நமக்கு இத்துறையோடு மற்றுமோர் இழை உண்டு. 1943 பிப்ரவரியில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், ஆபித் ஹசனோடு ஜெர்மனியின் கீல் துறையிலிருந்து யூ-180 எனும் நீர்மூழ்கியில் புறப்பட்டார். ஏப்ரல் இறுதியில், மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே, அலை எழும் நடுக்கடலில், இரப்பர் மிதவையில் ஏறி ஜப்பானிய நீர்மூழ்கியாகிய ஐ-29க்கு மாறினார். அக்கலம் அவரைச் சுமத்திராவின் வடமுனைக்கு அப்பாலுள்ள சபாங் தீவில் இறக்கிவிட்டது. அங்கிருந்து அவர் தோக்கியோ சென்று, பின் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்துக்குத் தலைமை ஏற்றதும், மலேயாவின் தோட்டங்களிலிருந்து தமிழர் திரள் திரளாக அப்படையில் சேர்ந்ததும் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் பேசப்படும் செய்திகள்.

அந்த ஐ-29 பின்னர் என்னவாயிற்று என்று கேட்போர் குறைவு. அது இரப்பரும் அரிய உலோகங்களும் ஏற்றிக்கொண்டு இந்துமாக்கடலையும் அட்லாண்டிக் கடலையும் கடந்து 1944 மார்ச் 11 அன்று லோரியான் வந்து சேர்ந்தது. ஐந்து வாரம் அங்கே தங்கிச் செப்பம் பெற்று, ஏப்ரல் 16இல் கீழ்த்திசை நோக்கித் திரும்பியது. ஜூலையில் சிங்கப்பூரை அடைந்தது. அங்கிருந்து ஜப்பான் செல்லும் வழியில், ஜூலை 26 அன்று, பிலிப்பைன்சுக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றின் தாக்குதலுக்கு இரையாயிற்று. கலம் கடலடியில் கிடக்கிறது. அதைச் செப்பனிட்ட துறை மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறது. பழைய புதுச்சேரிக் கப்பல்கள் கட்டிய ஊரில், நேதாஜியைச் சுமந்த கலமும் வந்து நின்றது என்பது வரலாறு தானே நெய்த ஒற்றுமை. ஸ்டோஸ்கோஃப் அப்போது சிறையில் இருந்தார்.

வடகடலின் மீனவர் துறை

இனி மற்றொரு துறை. அதற்குக் கான்கிரீட் கூரை இல்லை; சொல்லப்போனால் கூரையே இல்லை.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி நார்வேயைத் தாக்கியது. அரசர் ஹாக்கோன் ஜூன் மாதம் நாட்டை விட்டு வெளியேறினார். அவரைத் தொடர்ந்து பலர் தம் மீன்பிடிப் படகுகளிலேயே வடகடலைக் கடந்து, ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்து தீவுகளை அடைந்தனர். அப்படகுகளையும் அவற்றின் மாலுமிகளையும் கொண்டு, இரகசியமாக நார்வேக்கு ஆளும் ஆயுதமும் அனுப்பி, அங்கிருந்து அகதிகளை அழைத்து வரும் பணி 1941இல் தொடங்கியது. பேருந்து ஓடுவது போல் தவறாமல் ஓடியதால் 'ஷெட்லாந்து பஸ்' என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

ஐம்பது முதல் எழுபது அடி நீளமுள்ள மரப்படகுகள் அவை. எந்திரத்தின் ஓசை டொங் டொங்கென வெகுதொலைவு கேட்கும். பகைவனின் விமானி கீழே நோக்கினால் ஏழை மீனவன் படகாகவே தெரிய வேண்டும். ஆகவே எந்திரத் துப்பாக்கிகளை எண்ணெய்ப் பீப்பாய்களுக்குள் ஒளித்து வைத்தனர். கோடையில் அவ்வட கோடியில் இரவு இருட்டுவதில்லை. எனவே பயணமெல்லாம் குளிர்காலத்தில்தான். இருட்டு கிடைத்தது, கூடவே புயலும் கிடைத்தது. படகுகள் பாய்மரம் முறிந்தும், பலகை பிளந்தும், எந்திரம் இளகியும் திரும்பி வந்தன.

முதலில் அவர்கள் தங்கிய லுன்னா எனும் இடம் ஒதுங்கிய குடா, மறைவுக்கு ஏற்றது. பழுது பார்க்கத்தான் அங்கே வசதியில்லை. ஸ்காலோவே எனும் மீனவர் ஊரில் எந்திரப் பட்டறை ஒன்று பல்லாண்டாக இயங்கி வந்தது. அதன் கைத்திறனை நாடியே 1942இல் தளம் முழுவதும் அங்கு மாறியது. மறைவைக் காட்டிலும் பட்டறை முக்கியம் எனக் கண்ட அந்த முடிவு, இக்கட்டுரையின் பொருளுக்குச் சான்றாகும். அங்கே தலைமையகமாக விளங்கிய இல்லத்தின் பெயர் 'தினாப்பூர்'. பாட்னாவில் வாழும் அன்பர்கள் புன்னகை செய்யலாம். அருகிலுள்ள தானாப்பூரை ஆங்கிலேயர் அப்படித்தான் எழுதி வந்தனர்.

ஊர்ப் பட்டறையாரும் நார்வேத் தச்சர்களும் கூடி உழைக்க, படகுகளைக் கரையேற்றச் சாய்தளம் ஒன்று கட்டப்பட்டது. 1942 அக்டோபரில் பட்டத்து இளவரசர் ஓலாவ் அங்கு வந்தார். சாய்தளத்துக்கு அவர் பெயர் இடப்பட்டது. அரசகுமாரன் பெயர் தாங்கியது அரண்மனையோ போர்க்கப்பலோ அன்று. படகை இழுத்தேற்றும் ஒரு சரிவு!

அதே அக்டோபரில்தான் லைஃப் லார்சன் எனும் மாலுமி, 'ஆர்தர்' என்ற மீன்பிடிப் படகில், 'டிர்பிட்ஸ்' போர்க்கப்பலைத் தகர்ப்பதற்கான இரு சிறு நீர்மூழ்கி ஊர்திகளை இழுத்துச் சென்றார். இலக்கை நெருங்கும் வேளையில் அவை இரண்டும் கயிறறுந்து மூழ்கின. படகைத் தாமே மூழ்கடித்துவிட்டு, குழுவினர் மலை கடந்து சுவீடனுக்கு நடந்தனர். ஒருவர் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த மாதங்கள் இன்னும் கொடியவை. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பாமல் போயின. 1943 மார்ச்சில் சென்ற 'பிராத்ஹோம்' படகின் பன்னிருவருள் உயிர் தப்பியவர் ஒருவரே. அவ்வாண்டு இறுதியில் அமெரிக்கா தந்த மூன்று விரைவுக் கலங்கள் வந்த பின்னரே நிலை மாறியது. அம்மூன்றில் ஒன்றுகூட மூழ்கவில்லை. இப்பணியில் உயிர் நீத்தோர் மொத்தம் 44 பேர்.

2003இல் ஸ்காலோவே கரையில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுந்தது. மாண்டவர் ஒவ்வொருவரின் சொந்த ஊரிலிருந்தும் கல் கொண்டுவந்து, ஷெட்லாந்துக் கற்களோடு அடுக்கி, உச்சியில் ஒரு படகின் உருவை வைத்துள்ளனர். 2012இல் ஊர் அருங்காட்சியகத்தை நார்வேயின் தலைமை அமைச்சர் வந்து திறந்து வைத்தார். சாய்தளம் அங்கேயே, கடலைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. அதைப் பார்க்க வருவோர் பலர் நார்வேயர்.

எதைக் காப்பது, எப்படிக் காப்பது

ஸ்காலோவேயின் சாய்தளம் சிறியது. ஒரு வாரத்தில் அதைப் பெயர்த்துவிட்டுக் கடை கட்டலாம். அது நிற்பது ஊரார் விரும்பியதால். கெரோமான் நிற்பதோ, அதை இடிக்க ஆகும் செலவு தாங்க முடியாததால். போருக்குப்பின் பிரெஞ்சுக் கடற்படை அதனைத் தன் நீர்மூழ்கிகளுக்கே பயன்படுத்தி, 1997இல் வெளியேறியது. இடிப்பதா, விடுவதா என்ற கேள்வி எழுந்தபோது கணக்கே விடை சொன்னது. இப்போது அங்கே பந்தயப் பாய்மரப் படகுகள் கட்டவும் செப்பனிடவும் படுகின்றன. 'ஃப்ளோர்' எனும் பழைய பிரெஞ்சு நீர்மூழ்கி 2010 முதல் மக்கள் பார்வைக்கு நிற்கிறது.

வலிமையால் நிற்பதையும் அன்பால் நிற்பதையும் ஒன்றாக வைத்து எண்ணலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பகைவனின் கோட்டையைக் காப்பது அவன் புகழைக் காப்பதாகாதா என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கட்டடம் தனியே நின்றால், கட்டியவனின் ஆற்றலை மட்டுமே அது பேசும். ஏழு மீட்டர்க் கூரையைக் கண்டு வியந்து திரும்புவோன், அதன்கீழ் வதைபட்ட கூலியாளையும், அதன்பொருட்டு எரிந்த ஊரையும் அறியாமலே போவான். ஆயினும் இடித்துவிட்டால் அக்கூலியாளுக்கு இருந்த ஒரே சான்றும் போய்விடும் என்பதே என் துணிபு. காக்கத்தான் வேண்டும், ஆனால் கட்டடத்தோடு கதையையும் காக்க வேண்டும். பகைவனுக்காகக் கட்டியதை அவனை ஒற்றறிந்து உயிர்விட்ட பொறியாளரின் பெயரால் அழைத்த 1946ஆம் ஆண்டின் செயல், இவ்வகையில் நல்ல தொடக்கம்.

நம் நாட்டை நோக்கினால் நிலை வேறு. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமை உடையதே நடுவண் அரசின் காப்புக்கு உரியது. பிரிட்டனில் முப்பதாண்டு கடந்த கட்டடங்களைக் காப்புப் பட்டியலில் சேர்ப்பது வழக்கமாக உள்ளது. பம்பாய், கொச்சி, விசாகப்பட்டினம், கல்கத்தா ஆகிய துறைகளில் எல்லாம் அப்போரின்போது கலங்கள் செப்பனிடப்பட்டன. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறையில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துச் சிதறியதை அந்நகரத்தின் முதிய குடும்பங்கள் இன்னும் சொல்லும். 1942இல் எழுந்த ஒரு பட்டறைக் கொட்டகை நம் சட்டத்தின் கண்ணில் சின்னமாக 2042 வரை காத்திருக்க வேண்டும். துறைமுகத்து நிலமோ விலை உயர்ந்தது. அவ்வளவு நாள் காத்திராது. அப்பட்டறைகளில் வேலை செய்ய ஊரை விட்டு வந்த தமிழ்த் தச்சரும் கொல்லரும் பொருத்துநரும் பலர். அவர்தம் பேரர் இம்மலரைப் படிப்போருள் இருக்கக்கூடும். தாத்தாவின் வேலைச் சீட்டும், துறை வாயிலில் காட்டும் அடையாள வில்லையும் எந்தப் பெட்டியின் அடியிலேனும் கிடந்தால், அவற்றை அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வரலாம். சங்க நூலகத்தில் வைக்க ஓர் அலமாரி போதும்.